கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: கார்த்திகைப் புயலுக்கு முன்னும் பின்னும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வீட்டுக்காரர் தண்ணீர் வசதியைச் சொன்ன கையோடு இதையும் சொல்வார்: "இங்க கொடுமையான வெயிலும் கிடையாது, குளிரும் கிடையாது, புயலும் வராது." முதல் இரண்டும் ஏறக்குறைய உண்மைதான். வடக்கே மலை, தெற்கிலும் மேற்கிலும் கடல், ஆண்டில் இரண்டு பருவமழை என்று தமிழ்நாட்டிலேயே இதமான மாவட்டங்களில் இது ஒன்று. மூன்றாவதை மட்டும் 2017 நவம்பர் 30-க்குப் பிறகு யாரும் சொல்லக்கூடாது. அன்றுதான் ஒக்கிப் புயல் வந்தது.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருந்தவர்களுக்குப் புயல் என்றால் ஒரு பழக்கம் உண்டு. அந்தமான் பக்கம் தாழ்வுப் பகுதி உருவாகும், மூன்று நான்கு நாள் தொலைக்காட்சியில் அதைப் பார்ப்போம், அதற்குள் மெழுகுவத்தியும் ரொட்டியும் வாங்கி வைப்போம். இங்கே அந்த அவகாசம் கிடைக்காமல் போகலாம். ஒக்கி நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாள் காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் புயலாகிவிட்டது. ஒரு முழுநாள்கூட இல்லை. அது கரையைக் கடக்கவும் இல்லை, கடலோடு ஒட்டிப் போனது. அதற்கே ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் முறிந்தன, ரப்பரும் வாழையும் தென்னையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன, பல ஊர்களில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை போன்ற ஊர்களிலிருந்து பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த படகுகளுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. குமரி, திருவனந்தபுரம் கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் வீடு திரும்பவில்லை.

ஆகவே இந்த மாவட்டத்தில் எச்சரிக்கையைப் பார்த்துத் தயாராகக் கூடாது, காலண்டரைப் பார்த்துத் தயாராக வேண்டும். ஐப்பசி பிறக்கும்போது, அதாவது அக்டோபர் நடுவில், கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். பெயர் வைத்த புயலுக்காகக் காத்திருக்கவும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்குப் பெயரே கிடையாது. குமரிக்கடல், அதாவது கன்னியாகுமரியை ஒட்டிய கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சிதான் காரணம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது.

முதலில், உங்கள் வீடு எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

மாவட்டம் சிறியது. ஆனால் ஆபத்து இடத்துக்கு இடம் வேறு.

கடலோர ஊர் என்றால் காற்றும் அலையும். ஆரோக்கியபுரத்தில் தொடங்கி நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் கரை முழுக்க ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. இங்கே கைபேசியைவிட நம்பகமான தகவல் ஊர்ப் பங்கு ஆலயத்தின் ஒலிபெருக்கியில் வரும். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அருட்தந்தை மைக்கில் அழைத்தால் அது வானிலைத் தகவலாகவும் இருக்கும், தங்குமிடம் திறந்த செய்தியாகவும் இருக்கும்.

குழித்துறை, முஞ்சிறை, ஆற்றோர வைக்கலூர் பக்கம் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் வானத்தை அல்ல, மலையை. கோதையாறும் பறளியாறும் சேர்ந்துதான் குழித்துறைத் தாமிரபரணி, தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இரண்டின் நீர்மட்டமும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் தினமும் வரும். பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டி, மலையிலும் மழை தொடர்ந்தால், உபரிநீர் திறக்கும் அறிவிப்பை எதிர்பாருங்கள். அப்போது திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அது வெறும் சுற்றுலாச் செய்தி இல்லை, ஆற்றோரத்தில் கீழே இருப்பவர்களுக்கும் அதுதான் அறிகுறி. உங்கள் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறும்.

நாகர்கோவில் ஒழுகினசேரி, சுசீந்திரம், தேரூர் பக்கம் பழையாற்றைக் கவனிக்க வேண்டும். மலையடிவாரத்தில், மோதிரமலை, குற்றியாறு பக்கம் வேலைக்கு வந்திருந்தால் தரைப்பாலம் மூழ்கிவிட்டால் வெளியே வர வழி இல்லை என்பதை மனதில் வைத்து மருந்தும் அரிசியும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. மாவட்டம் முழுக்கக் குளங்கள். ஏலாவை, அதாவது வயலை, நிரப்பி மனை போட்ட இடங்களும் ஏராளம். புது வீடு பளபளவென்று இருக்கும், ஆனால் தண்ணீர் பழைய வழியை மறக்காது. பக்கத்து வீட்டில் வயதான அம்மா இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "ஒக்கியில இங்க எப்படி இருந்திச்சு?" "2021 நவம்பர் மழையில தண்ணி எதுவரைக்கும் வந்திச்சு?" சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். எந்த வரைபடமும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

அடுத்தது மரம்

குமரியின் அழகு மரம்தான், புயலில் பெரிய ஆபத்தும் அதுதான். ரப்பர் மரம் காற்றுக்கு நிற்காது. வளையாமல் சடக்கென்று முறியும். வீட்டை ஒட்டி ரப்பர் இருந்தால் முதல் கவலை அதுதான். தென்னை வேரோடு சாயும், சாயாவிட்டாலும் காயும் மட்டையும் பறக்கும். பிலா, மா, அயனி போன்றவை கனத்த கொம்புகளால் கூரையை உடைக்கும்.

புரட்டாசியிலேயே மரம் ஏறுபவரை அழைத்து, வீட்டுக்கும் மின்கம்பிக்கும் மேலே நீளும் கொம்புகளை இறக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு ஆள் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் அந்தக் காற்றில் மனிதரை மரத்தில் ஏற்றுவது பாவம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும். அடுத்தவர் தோட்டத்து மரம் உங்கள் கூரை மேல் சாய்ந்து நிற்கிறது என்றால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், பெரும்பாலும் வெட்டித் தருவார்கள். பேச்சில் முடியாவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அது நாகர்கோவிலிலும், மேற்குப் பகுதிக்குப் பத்மநாபபுரத்திலும் இருக்கிறது.

மின்கம்பியில் உரசும் கொம்பை மட்டும் நீங்களோ மரம் ஏறுபவரோ தொடவே கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாக: ஓட்டு வீட்டில் நழுவிய ஓடுகளைச் சரி செய்யுங்கள். மொட்டைமாடித் தகர ஷீட்டுகளின் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். காலி சின்டெக்ஸ் தொட்டி காற்றில் உருளும், நிறைந்த தொட்டி அசையாது.

மின்சாரம் ஒரு வாரம் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் பலரும் ஒருநாள் மின்வெட்டுக்குத்தான் தயாராகிறார்கள். ஒக்கிக்குப் பிறகு வெளிமாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து இரவு பகலாகக் கம்பம் நட்டார்கள். அப்படியும் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளுக்கு வெகுநாள் ஆனது. ஆகவே கணக்கை ஏழு நாளுக்குப் போடுங்கள்.

மின்சாரம் போனால் முதலில் தீர்வது வெளிச்சம் அல்ல, தண்ணீர். இங்கே பெரும்பாலான வீடுகளில் கிணறு இருக்கிறது, ஆனால் மோட்டார் வந்த பிறகு கப்பியும் கயிறும் வாளியும் போய்விட்டன. வீட்டுக் கிணற்றின் கம்பி மூடி திறக்கிறதா, கப்பி மாட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கயிறு, வாளி, கப்பி மூன்றையும் வாங்கி வையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கிணறு இருக்கிறது என்று இப்போதே தெரிந்து, அவர்களிடம் பேசிப் பழகிவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 4 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 112 லிட்டர், அதாவது ஆறு 20 லிட்டர் கேன்.

சாப்பாட்டுக்கு இந்த ஊர் வழக்கமே போதும். கஞ்சியும் சிறுபயறும், அவித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி), ஏத்தன் காயும் (நேந்திரம்) குளிர்சாதனப் பெட்டி கேட்காது. கேஸ் சிலிண்டர் இரண்டாவது இருந்தால் நல்லது. மின்சாரம் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கும் ஏடிஎம்மும் முடங்கும், ஆகவே வண்டியில் எண்ணெயும் கையில் சில்லறையாகக் கொஞ்சம் பணமும் வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

வீட்டில் இன்சுலின் எடுப்பவர் இருந்தால் ஒரு மண்பானையைத் தயாராக வையுங்கள். பானையில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் நனையாதபடி ஒரு டப்பாவில் இன்சுலின், வெளியே ஈரத்துணி. டயாலிசிஸ் செய்பவர், ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர், பிரசவ நாள் நெருங்கிய பெண் இருந்தால் காற்று எழும் முன்பே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நீங்கள் காட்டும் மருத்துவமனைக்கோ பக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். மரம் விழுந்த சாலையில் 108 ஆம்புலன்ஸும் வர முடியாது.

ஜெனரேட்டர் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆர்க்டிக் குளிர் இறங்கியது. அதுவும் குளிருக்குப் பழகாத இடம். குழாய்கள் உறைந்து வெடித்தன, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. அந்த மாநில சுகாதாரத் துறைக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குளிரால் இறந்தாலும், கதவை அடைத்துக்கொண்டு உள்ளே ஜெனரேட்டரை ஓட்டியவர்களும் கரியை எரித்தவர்களும் கார்பன் மோனாக்சைடு வாயுவால் செத்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிர் நம் ஊருக்கு வராது, ஜெனரேட்டர் வரும். மழைச் சாரலுக்குப் பயந்து அதை வராந்தாவிலோ கார் நிறுத்தும் ஷெட்டிலோ வைத்து ஓட்டாதீர்கள். ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி வெளியே, மேலே ஒரு மறைப்போடு வையுங்கள். மாற்று சுவிட்ச் (சேஞ்ச்ஓவர் சுவிட்ச்) இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் செருகினால் மின்சாரம் கம்பிக்குத் திரும்பிப் பாயும். கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போகும்.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது

வானிலை ஆய்வு மையம் சொல்லும் நிறங்களில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. மழைக் கணக்கில் ஒருநாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் என்பது சிவப்பு. காற்றில், மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் 'புயல்' என்று அறிவிப்பார்கள். அதற்கு முந்தைய நிலை 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்', மணிக்கு 50 முதல் 61 வரை. ரப்பர்க் கொம்பு முறிய அதுவே போதும்.

நான் பார்ப்பது நிறத்தைவிட இடத்தை. செய்தியில் 'அந்தமான் கடல்' என்றால் பொறுமையாக இருக்கலாம், அது பெரும்பாலும் வடக்கே போகும். 'தென்மேற்கு வங்கக்கடல், இலங்கைக்கு அருகே' என்றால் அன்றைக்கே கேன்களை நிரப்புங்கள். 'குமரிக்கடல்' என்ற சொல் வந்துவிட்டால் நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குதான்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கடக்கும் என்று எச்சரித்தார்கள். அது ராமநாதபுரம் பக்கத்திலேயே வலுவிழந்தது, இங்கே ஒன்றும் ஆகவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கேனை நிரப்புவதை நிறுத்தாதீர்கள்.

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சச்செத் செயலியும், தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் செயலியும் கைபேசியில் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, கடலோரக் காவல்படை 1554. இவற்றை ஒரு தாளிலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், கைபேசி அணைந்துபோகும். உங்கள் தெருவில் செங்கல் சூளையிலோ கட்டட வேலையிலோ இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பார்கள். தமிழ் ஒலிபெருக்கி அவர்களுக்குப் புரியாது. யாராவது ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், அது நீங்களாகவே இருக்கலாம். பள்ளிக்கூடத்திலோ சமூகக் கூடத்திலோ இடம் திறந்திருப்பார்கள், கூட்டிக்கொண்டு போய் விடுங்கள்.

காற்று எழுந்த பிறகு

வெளியே போகாதீர்கள் என்பதோடு முடிகிற விஷயம் இது. ஆனால் இரண்டைச் சொல்ல வேண்டும்.

புயல் நமக்குத் தெற்கே கடலில் மேற்கு நோக்கிப் போகும்போது காற்று முதலில் வடகிழக்கிலிருந்து வரும், பிறகு கிழக்கு, அப்புறம் தென்கிழக்கு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் பழகியவர்கள் இதையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். அது ஒரே பக்கத்திலிருந்து சீராக வீசும். இது விட்டுவிட்டு இடிக்கும், திசையும் மாறும். முதல் காற்றில் வேர் இளகிய மரம் இரண்டாவது திசைக் காற்றில் விழும். ஆகவே சத்தம் கொஞ்சம் அடங்கியதும் வண்டியை எடுக்காதீர்கள். மரம் இருக்கும் பக்கத்து அறையை விட்டு, காங்கிரீட் கூரையுள்ள உள் அறையில் எல்லோரும் படுங்கள்.

இரண்டாவது, கடலைப் பார்க்கப் போகாதீர்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தியிருந்தால் கரையிலும் நிற்கக்கூடாத நாள் அது. புயல் எதுவும் இல்லாத 2024 மே மாதத்தில், கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை இருந்த நாட்களில், லெமூர் கடற்கரையில் அலை இழுத்து 5 மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கடலின் இழுப்பு தெரியாது. கல்லூரி விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மீனவ ஊரில் குடியிருந்தால் இன்னொரு கடமையும் உண்டு. கைபேசி சிக்னல் கரையிலிருந்து சிறிது தூரத்தோடு நின்றுவிடும். இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாகத் தகவல் பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை இப்போது படகுகளில் பொருத்துகிறார்கள், ஆனாலும் ஒக்கியின் வலி அந்தத் தெருக்களில் ஆறவில்லை. இத்தனை படகைக் காணோம், இத்தனை பேர் கரை சேர்ந்தார்கள் என்று வரும் எந்த வாட்ஸ்அப் தகவலையும் அனுப்பாதீர்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வீடு வாசலில் நிற்கிறது.

மறுநாளும் அடுத்த வாரமும்

விடிந்ததும் முதலில் கம்பியைப் பாருங்கள், பிறகு காலை வையுங்கள். ரப்பர்த் தோட்டத்து இலைக்குவியலுக்கு அடியில் அறுந்த கம்பி கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊரே இருண்டு கிடந்தாலும் எந்தக் கம்பியிலும் மின்சாரம் இருப்பதாகவே நினையுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து வையுங்கள். ஈரம் காய்ந்த பிறகு போடலாம்.

வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் வழக்கமாக ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம். வெள்ளம் கலந்த கிணற்றுக்கு இன்னும் கூட்டிப் போடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துப் போடுவார். அதற்குப் பிறகும் சில நாள் கொதிக்க வைத்தே குடியுங்கள். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.

வீடோ வாழையோ சேதமானால், சாய்ந்ததை வெட்டி அகற்றும் முன் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதையை மறித்தால் படம் எடுத்த உடனே அகற்றலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து, வாங்கியதற்கு ஒரு கையெழுத்தோ முத்திரையோ பெறுங்கள். நிவாரணக் கணக்கு அவர் நேரில் வந்து பார்த்து எழுதுவதில்தான் தொடங்கும், அவர் வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ரப்பர், வாழை, நெல் வைத்திருப்பவர்கள் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்திலும் தனியாகப் பதிய வேண்டும். குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள் குத்தகைச் சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். சீட்டு எழுதாமல் வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்திருந்தால், ஐப்பசிக்கு முன்பே அதை எழுதி வாங்கிவிடுங்கள்.